காரைக்குடி ஸ்டாம்புக் கடை: மூடும் முன் ஒரு மதிப்புரை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பற்றிச் சொல்லாத பயணக் கட்டுரை அரிது. கதவு, தூண், எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம் என்று வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போகும் அந்தத் தெருவிலிருந்து ஒரு சந்து தள்ளி, பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போன ஒரு சிறு கடை இருக்கிறது. அஞ்சல்தலை, நாணயம், பழைய நோட்டு, கடித உறை, தீப்பெட்டி லேபிள் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் அங்கே விற்பதில்லை. வருகிற பங்குனியோடு அந்தக் கடை மூடப்படுகிறது. கடை இருக்கும் வீடு பங்காளிகளுக்குள் பாகம் பிரிந்து கைமாறிவிட்டது. கடைக்காரருக்கும் எழுபது வயது கடந்துவிட்டது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் நாட்டமில்லை. கடையோடு சேர்ந்து, ஞாயிறு மாலைகளில் அங்கே பல்லாண்டுகளாகக் கூடிவந்த சேகரிப்பாளர் கூட்டமும் முடிவுக்கு வருகிறது. இருப்பு முழுவதையும் விலை குறைத்து விற்றுக்கொண்டிருப்பதால், வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்பது கடைக்காரரின் விருப்பம். அந்தப் பகுதியில் ‘ஸ்டாம்புக் கடை’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

வீட்டின் முகப்புத் திண்ணையில் ஒரு பகுதியை மறித்து எடுத்த அறைதான் கடை. பர்மா தேக்கில் செய்த இரண்டு பீரோக்கள், கண்ணாடி பதித்த ஒரு மேசை, மேசைமேல் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற சிறிய எலெக்ட்ரானிக் தராசு, அஞ்சல்தலையின் ஓரப் பற்களை எண்ணும் அளவுகோல், தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் நீர்க்குறியைப் பார்ப்பதற்கான கறுப்புத் தட்டு. இவ்வளவுதான் தளவாடம். எந்தப் பொருளிலும் விலைச்சீட்டு கிடையாது. முதன்முறை போகிறவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஒவ்வொன்றாக எடுத்து விலை கேட்க வேண்டும், கேட்கும்போது அவர் நம்முடைய கையைப் பார்ப்பார். அஞ்சல்தலையை ட்வீசரால் பிடிக்காமல் விரலால் எடுத்தால் விலை சொல்லமாட்டார், அல்லது யாரும் வாங்க முடியாத ஒரு விலையைச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்ப்பார்.

இந்தக் கடையை மற்றக் கடைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் கடித உறைகள். அஞ்சல்தலைகளும் நாணயங்களும் மதுரையிலோ திருச்சியிலோ நடக்கும் கண்காட்சிகளில் தாராளமாகக் கிடைக்கும், சென்னையில் இன்னும் கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் செட்டிநாட்டு வீடுகளுக்கு அக்கரையிலிருந்து வந்த உறைகள் இவ்வளவு எண்ணிக்கையில், எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தவை என்ற குறிப்போடு, விற்பனைக்கு இருக்கும் வேறொரு இடத்தை நான் பார்த்ததில்லை. பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று லேவாதேவி செய்யப்போன நகரத்தார்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களும், ஊரிலிருந்து அங்கே கடை நடத்திய மேலாளுக்கும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாளுக்கும் போன கடிதங்களும் பெட்டகங்களிலும் தகரப் பெட்டிகளிலும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வீடுகள் பாகம் பிரிந்தபோதும் இடிக்கப்பட்டபோதும் அவை பழைய இரும்பு, பழைய பேப்பரோடு சேர்ந்து எடைக்குப் போயின. அப்படிப் போனவற்றில் ஒரு பகுதியைக் காப்பாற்றி வைத்ததுதான் இந்தக் கடைக்காரரின் முதல் சாதனை.

ஓர் உறையை எடுத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். ரங்கூன் மொகல் தெருவில் இருந்த ஒரு மார்க்காவிலிருந்து (லேவாதேவி நிறுவனத்திலிருந்து) தேவகோட்டைக்கு வந்த, பழுப்பேறிய நீள உறை. முகவரியில் ஆளின் பெயரைவிட விலாசமே முந்தி நிற்கிறது: மூன்று நான்கு தலைமுறையின் முதலெழுத்துகள், ஊர், அதன்பின் ‘ராம்நாடு டிஸ்ட்ரிக்ட்’. சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் பிறந்தது என்பதால் அக்காலத்து உறைகள் எல்லாவற்றிலும் ராமநாதபுரம்தான். ஒட்டியிருப்பது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை அச்சிட்ட இந்திய அஞ்சல்தலை. ஆனால் அதன்மேல் கறுப்பு மையில் ‘பர்மா’ என்று ஆங்கிலத்தில் மேலச்சு. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகத்தில் பிரிக்கப்பட்டபோது, சொந்த அஞ்சல்தலை அச்சாகும்வரை இந்தியத் தலைகளின்மேலேயே பெயரை அடித்து விற்றார்கள். 1938 நவம்பரில் பர்மாவுக்கென வரைந்த ஆறாம் ஜார்ஜ் தலைகள் வந்துவிட்டன. இடையிலுள்ள ஒன்றரை ஆண்டு உறைகளில்தான் இந்த மேலச்சை இயல்பான பயன்பாட்டில் பார்க்கலாம். உறையின் பின்பக்கம் தேவகோட்டைத் தபாலாபீசின் வட்ட முத்திரை, வந்து சேர்ந்த தேதியோடு. முன்பக்க முத்திரைக்கும் பின்பக்க முத்திரைக்கும் இடையிலுள்ள நாட்களைக் கணக்கிட்டால், கப்பல் தபால் எத்தனை நாளில் ஊர் வந்தது என்று தெரிந்துவிடும்.

யுத்த காலத்து உறைகள் இன்னும் சுவையானவை. பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் 1940, 1941ஆம் ஆண்டுகளில் வந்தவற்றில் ஓரத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத் தணிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கும். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கிய பிறகு, ஒவ்வொரு வீட்டுக் கட்டிலும் ஒரு பெரிய இடைவெளி விழுகிறது. அதன்பின் வருபவை 1945இன் இறுதியிலிருந்து. மலாயாத் தலைகளில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தைக் குறிக்கும் ‘பி.எம்.ஏ. மலாயா’ மேலச்சு, பர்மாத் தலைகளில் ‘மிலிட்டரி அட்மினிஸ்ட்ரேஷன்’ என்பதன் சுருக்கம். ஒரே குடும்பத்துக் கட்டில் இந்த மூன்று கட்டத்தையும் வரிசையாகக் காட்ட முடிவதுதான் இக்கடையின் இருப்புக்குள்ள பெருமை. உதிரியாக வாங்கினால் அந்த வரிசை சிதறிப்போகும். அதனால் இப்போது வாங்குகிறவர்கள் இயன்றவரை கட்டாகவே கேட்டு வாங்க வேண்டும். கட்டாகக் கேட்டால் விலையையும் இறக்கித் தருகிறார்.

உறைக்குள் இருந்த கடிதங்கள் இக்கடையில் கிடைக்கமாட்டா. வீட்டாரிடமிருந்து வாங்கும்போதே கடிதத்தை உருவித் திருப்பிக் கொடுத்துவிட்டு உறைக்கு மட்டும் பணம் கொடுப்பது அவர் வழக்கம். பெண் பேச்சு, கடன் வழக்கு, பங்காளிச் சண்டை எல்லாம் அதில் இருக்கும், அதை மூன்றாம் மனிதனுக்கு விற்பது முறையல்ல என்பது அவர் வாதம். ஆராய்ச்சி நோக்கில் பார்த்தால் இது இழப்புதான். எந்தக் கிட்டங்கியில் (வியாபார விடுதியில்) தங்கினார்கள், வட்டி என்ன ஓடியது, நெல் விலை விழுந்த ஆண்டுகளில் கடன்காரர்களின் வயல்கள் எப்படிக் கைக்கு வந்தன என்பதையெல்லாம் சொல்லக்கூடியவை அந்தக் கடிதங்கள். கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு 1930களின் இறுதிக்குள் செட்டியார்கள் வசம் வந்துசேர்ந்ததற்கு, வீட்டுப் பார்வையிலிருந்து சாட்சி சொல்பவை. திருப்பிக் கொடுத்த கடிதங்களில் பெரும்பாலானவை பிறகு அடுப்புக்கே போயிருக்கும். ஆயினும் ஒரு வியாபாரி தனக்கு லாபம் வரக்கூடிய இடத்தில் இப்படி ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு அதைத் தாண்டாமல் இருந்தார் என்பதற்காகவே வீட்டார்கள் அவரைத் தேடி வந்தார்கள். வேறு எவரிடமும் காட்டாத பெட்டிகள் அவருக்குத் திறந்தது இதனால்தான்.

நாணயங்களில் அக்கடையின் இருப்பு நடுத்தரம். அரிய சோழர் காசுகளையோ தங்க வராகன்களையோ எதிர்பார்த்துப் போக வேண்டாம். வாசலோரம் ஒரு தாம்பாளத்தில் புதுக்கோட்டை அம்மன் காசுகள் கொட்டிக் கிடக்கும். ஒருபக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. ஓர் அணாவுக்கு இருபது என்ற கணக்கில் செல்லுபடியான இந்தச் சிறு செப்புக்காசை, நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு சேர்த்து வழங்குவது புதுக்கோட்டை சமஸ்தானத்து வழக்கம். பையன்கள் சேகரிப்பைத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான காசு இந்தப் பக்கத்தில் இல்லை. விலையும் எட்டாத உயரத்தில் இல்லை, நம் ஊர்க் கதையும் அதில் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களும் ஒரு பெட்டி நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பாதி, வீட்டாரே புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கியவை. துலக்கிய காசில் மேற்பரப்பின் நுணுக்கமும் காலத்தின் நிறமும் போய்விடும். சேகரிப்பாளரின் கணக்கில் அது வெள்ளியின் எடைக்கு மேல் அதிகம் பெறாது. கடைக்காரர் அவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து, கேட்காமலேயே இன்னது என்று சொல்லிவிடுகிறார்.

ஜப்பானியர் தாம் பிடித்த நாடுகளில் அச்சிட்டுவிட்ட நோட்டுகளும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பர்மாவுக்கானவற்றில் ‘பி’ என்ற எழுத்தும் மலாயாவுக்கானவற்றில் ‘எம்’ என்ற எழுத்தும் முன்னால் நிற்கும். மலாயாவின் பத்து டாலர் நோட்டில் வாழைமரம் உண்டு, அதனால்தான் அதை வாழைப்பழ நோட்டு என்கிறார்கள். யுத்தம் முடிந்ததும் இவை வெறும் காகிதமாயின. அரிய பொருள் என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கும் சில இடங்களோடு ஒப்பிட்டால் இங்கே சொல்லும் விலை நியாயமானது. ஏனென்றால் இவை அரியவையே அல்ல, உலகம் முழுக்க மூட்டை மூட்டையாக மிஞ்சியவை. தீப்பெட்டி லேபிள்களில் எனக்கு ஈடுபாடு இல்லை. சிவகாசி லேபிள் சேகரிப்பவர்கள் அந்த ஆல்பங்களை மிகவும் மதிக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மதியம் மூன்று மணிக்கு மேல் திண்ணையில் பாய் விரிக்கப்படும். தேவகோட்டைப் பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் ஒருவர், அழகப்பா பல்கலைக்கழகத்து மாணவர்கள், கல்யாணத்துக்கோ முன்னோர்க்கான படைப்புக்கோ ஊர் வந்த சிங்கப்பூர், மலேசியக்காரர்கள் என்று பலரும் வருவார்கள். ஒவ்வொருவரும் தம்மிடம் மிகையாக உள்ள பொருளை ஒரு கண்ணாடித்தாள் உறையிலிட்டு, அதன்மேல் குறைந்தபட்ச விலையை எழுதி நடுவில் வைப்பார்கள். விருப்பமுள்ளவர்கள் ஒரு துண்டுச்சீட்டில் தம் விலையை எழுதி மடித்துப் போடுவார்கள். விளக்கேற்றும் நேரத்தில் சீட்டுகள் பிரிக்கப்பட்டு அதிக விலை எழுதியவருக்குப் பொருள் போகும். இதில் கடைக்குக் கமிஷன் இல்லை. ஆனால் ஒரு விதி உண்டு: விற்ற பொருள் போலி என்றோ பழுதுபார்த்தது என்றோ அடுத்த ஞாயிறுக்குள் எவராவது காட்டிவிட்டால், விற்றவர் வாதாடாமல் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். தரமாட்டேன் என்றவர் பிறகு அந்தப் பாயில் உட்கார முடியாது.

இந்த ஒரு விதிதான் அந்தக் கூட்டத்தை நிலைநிறுத்தியது என்பது என் கணிப்பு. விதி இருந்தால் போதாது, போலியை நிரூபிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அதற்குத்தான் கடைக்காரர். அவரிடம் ஒரு தடித்த ஆல்பம் உண்டு. அதை விற்பனைக்கென்று நினைத்துப் புரட்டுகிறவர்கள் ஏமாறுவார்கள், அதில் இருப்பவை அத்தனையும் போலிகள். ஒவ்வொன்றின் கீழும் அது எந்த ஊரில், எந்த ஆண்டில், என்ன சொல்லி விற்கப்பட்டது, எதனால் போலி என்று தெரிந்தது ஆகிய விவரங்கள் அவருடைய சிறிய, சாய்ந்த கையெழுத்தில் இருக்கும்.

முதல் பக்கத்தில் இருப்பது, தமிழகத்தில் மிக அதிகம் பேர் ஏமாந்த காசு: ஒருபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் ‘அரை அணா’ என்ற மதிப்பும், மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகம். இதைக் கோடி ரூபாய் பெறும் என்று சொல்லிக் கைமாற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கம்பெனியின் பெயரோடு, அதன் ஆட்சிப் பகுதி முழுவதற்குமான அரை அணாக் காசு வந்ததே 1835ஆம் ஆண்டு நாணயச் சீர்திருத்தத்திற்குப் பிறகுதான். 1818இல் அப்படி ஒரு காசு இருந்திருக்கவே முடியாது. அனுமன், லட்சுமி, விநாயகர் என்று பல வார்ப்புகளில் இதே புனைவு வருகிறது. ஆல்பத்தில் அத்தனையும் வரிசையாக இருக்கின்றன.

அடுத்தது 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் அந்த ஆண்டுக்கானது மிக அரிது, 1938க்கு உரியதோ சாதாரணமாகக் கிடைக்கும். ஆகவே 1938இன் கடைசி இலக்கத்தைச் சுரண்டித் திருத்தி 1939 ஆக்குகிறார்கள். லென்ஸின் கீழே அந்த ஒன்பதைச் சுற்றி மட்டும் தளம் சற்றே பள்ளமாகவும் கீறலாகவும் இருப்பதை அவர் காட்டுவார். பிறகு தராசு. முத்திரைத் தரத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம் நிற்க வேண்டும். தேய்ந்ததானால் சற்றுக் குறையலாம், கூடவே கூடாது. அச்சில் அடிக்காமல் வார்ப்பில் எடுத்த போலிகள் பல இந்தத் தராசிலேயே பிடிபட்டுவிடும். 1940இலிருந்து ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்து, 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. நிக்கலைக் காந்தம் இழுக்கும், வெள்ளியை இழுக்காது. இவ்வளவையும் புதிதாக வந்த ஒரு மாணவனுக்கு அவர் ஐந்து நிமிடத்தில் கையில் பொருளைக் கொடுத்தே புரியவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது மயில் பக்கம். 1942இல் ஜப்பானியரோடு சேர்ந்து உள்ளே வந்த பர்மா விடுதலைப் படை, கைக்குக் கிடைத்த அஞ்சல்தலைகளில் மன்னரின் முகத்தின்மேல் மயில் உருவத்தை அடித்து வெளியிட்டது. அடிப்படையான தலை மலிவு, மயில் விழுந்தால் விலை பன்மடங்கு. கள்ள மேலச்சுக்கு இதைவிட வசதியான இடம் உண்டா? ஆல்பத்தில் நல்ல மயிலையும் கள்ள மயிலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, தோகையின் கோடுகள் எங்கே வேறுபடுகின்றன, கழுத்தின் வளைவு எங்கே மாறுகிறது, மை தாளுக்குள் இறங்கியிருக்கிறதா மேலே படிந்திருக்கிறதா என்றெல்லாம் பென்சிலால் அம்புக்குறி போட்டிருக்கிறார். நம் பகுதி வீடுகளில் இத்தலைகள் உண்மையாகவே கிடைத்த காரணத்தால், கள்ளத் தலைகளையும் ‘செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்தது’ என்ற கதையோடு விற்பது வெளிச்சந்தையில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கதையைச் சரிபார்க்க, எந்த உறை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவர் எழுதிவைத்த பேரேட்டைத் தவிர வேறு வழியில்லை.

1948 ஆகஸ்டில் வெளிவந்த காந்தி அஞ்சல்தலைகளில் பத்து ரூபாய்த் தலைக்கும் ஒரு பக்கம் உண்டு. ஸ்விட்சர்லாந்தில் அச்சான அந்தத் தலையின் மென்மையான நிழல்களை இக்கால ஆஃப்செட் அச்சில் எடுத்தால், லென்ஸில் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். அதிலும் அரசு அலுவல் பயன்பாட்டுக்கென ‘சர்வீஸ்’ என்ற மேலச்சோடு உள்ளது நாட்டின் மிக அரிய தலைகளுள் ஒன்று என்பதால், உண்மையான தலைமேல் பொய்யான ‘சர்வீஸ்’ அடித்தவையும் உண்டு. இவையெல்லாம் நூல்களிலும் கிடைக்கும் செய்திகள்தான். நூலில் படம் இருக்கும், இங்கே பொருளே இருக்கிறது, விரலுக்குக் கீழே.

இவ்வளவு புகழ்ந்த பின் குறைகளையும் சொல்ல வேண்டும், அவை சிறியவை அல்ல. முதலாவது, பாதுகாப்பு. இத்தனை தெரிந்த மனிதர் நாணயங்களைப் பி.வி.சி. பிளாஸ்டிக் தாள்களில் செருகி வைத்திருக்கிறார். அந்தப் பிளாஸ்டிக் வெயிலில் கசிந்து, செப்புக் காசுகளின்மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் பிடித்திருக்கிறது. பல நல்ல காசுகள் இப்படிக் கெட்டுவிட்டன. உறைக் கட்டுகளில் சிலவற்றை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. கிழிந்த உறைகளைச் செல்லோ டேப்பால் ஒட்டியிருப்பதை மன்னிக்கவே முடியாது, அந்தப் பசை தாளில் ஊறிய மஞ்சள் கறையை எடுக்க வழியில்லை. வாங்குகிறவர்கள் ஒவ்வோர் உறையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டாவது, நடத்தை. பழைய ஆட்களுக்குக் கணக்கு வைத்துக் கடன் கொடுப்பார், புதிதாக வருகிறவர்களை இரண்டு மூன்று முறையாவது சோதிக்காமல் பீரோவைத் திறக்கமாட்டார். சீட்டு ஏலத்திலும் உள்ளவர்களே உள்ளுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலை எழுதுகிறார்கள் என்ற புகார் உண்டு. அது முழுப் பொய்யில்லை. அந்தப் பாயில் பெண்களை நான் கண்டது மிகக் குறைவு. ஆச்சிமார் பெட்டியைக் கொண்டுவந்து விற்றிருக்கிறார்களே தவிர, உட்கார்ந்து சீட்டு எழுதியதில்லை. பெட்டியும் அதன் கதையும் அவர்களிடம் இருந்தன, பேச்சு மட்டும் ஆண்களிடம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் அந்தக் கூட்டம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை அஞ்சல்தலை சேகரிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் ‘ஸ்பர்ஷ்’ என்ற உதவித்தொகைத் திட்டத்தை அஞ்சல்துறை 2017இல் தொடங்கியபோது, இந்தப் பகுதிப் பள்ளிகளுக்கு வழிகாட்ட இதைவிடத் தகுதியான குழு கிடையாது. எவரும் முன்வரவில்லை. இளையவர்கள் வராத கூட்டம் எத்தனை நாள் ஓடும் என்பதை அப்போதே யோசித்திருக்கலாம். வீடு கைமாறியது உடனடிக் காரணம்தான். கூட்டம் அதற்கு முன்பே மெலிந்துவிட்டது.

மூன்றாவது, ரசீது. கேட்டால் மட்டும், அதுவும் முகம் சுளித்து, ஒரு தாளில் எழுதித் தருவார். பின்னாளில் அதே பொருளை வேறெங்காவது விற்க நினைக்கிறவர்களுக்கு அந்தத் தாள் முக்கியம். வீட்டின் பெயரைக் குறிக்க மறுப்பார், அது சரிதான். ஊரின் பெயரையாவது குறிக்கச் சொல்லி வாங்க வேண்டும்.

கடைக்குப் பதில் என்ன என்ற கேள்விக்கு, கூட்டத்தில் பாதிப்பேர் வாட்ஸ்அப் குழு போதும் என்கிறார்கள். அந்தக் குழு ஏற்கெனவே இருக்கிறது, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே நாணயப் படங்களும் வருகின்றன. படத்தில் நீர்க்குறி தெரியாது. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து இந்தியத் தலையில் நட்சத்திர நீர்க்குறி இருக்கிறதா என்று பார்க்கத் தலையைக் கவிழ்த்துக் கறுப்புத் தட்டில் போட வேண்டும். படத்தில் எடை தெரியாது, மை தாளில் இறங்கியிருப்பது தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியவருக்குப் பொருள் போலியானால் அடுத்த ஞாயிறு என்று ஒன்று கிடையாது. கண்காட்சிகளில் பொருளைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். ஆனால் வியாபாரிகள் இரண்டு மூன்று நாளில் கடையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பெரிய தலைமை அஞ்சலகங்களின் அஞ்சல்தலைப் பிரிவுகளில் டெபாசிட் கணக்குத் தொடங்கினால் புதிய வெளியீடுகள் வீடு தேடி வரும். அது நல்ல சேவை, ஆனால் பழையவற்றுக்கு அங்கே இடமில்லை. முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் எப்போதாவது ஒரு கட்டு உறை அகப்படும், எந்த வீட்டினது என்ற விவரம் இல்லாமல். ஆகவே மாற்று இல்லை என்பதே என் முடிவு.

இப்போது என்ன வாங்கலாம்? 1937 முதல் 1946 வரையிலான பர்மா, மலாயா உறைக் கட்டுகளை முதலில் பாருங்கள். விலை முன்பிருந்ததில் கால்பங்கு குறைந்திருக்கிறது, நல்லவை போய்க்கொண்டே இருக்கின்றன. சைகோனிலிருந்து வந்த பிரெஞ்சு இந்தோசீன உறைகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றின் விலையை அவர் இறக்கவில்லை, இறக்கவேண்டிய தேவையும் இல்லை. அம்மன் காசு, ஜப்பான் நோட்டு இரண்டையும் பிள்ளைகளுக்காக வாங்கலாம். 1980களுக்குப் பிந்தைய முதல் நாள் உறைகளை (புதிய தலை வெளியான அன்றே முத்திரையிட்டவை) பெட்டி பெட்டியாகத் தள்ளிவிடப் பார்க்கிறார். வேண்டாம், நாடு முழுக்க அவை மிகுந்து கிடக்கின்றன. ஆல்பத்தோடு சேர்த்துக் கொடுக்கும் நாணயத் தொகுப்புகளில், காசை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக்கை அங்கேயே போட்டுவிட்டு வருவது நல்லது. லென்ஸ், தராசு, அளவுகோல் ஆகியவற்றுக்கு முன்பதிவு முடிந்துவிட்டது.

வெளிநாட்டு உறவினர்களுக்காக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே வரம்பு. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதியில்லை. விக்டோரியா ரூபாயைப் பையில் போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்கு விமானம் ஏறுவது பலரும் செய்வதுதான், சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஊரிலிருக்கும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போலிகள் ஆல்பத்தையும் வீட்டுவாரிப் பேரேட்டையும் விற்க அவர் சம்மதிக்கவில்லை. ஆல்பம் வெளியே போனால் அதிலுள்ளவை ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுபடியும் சந்தைக்கு வரும் என்கிறார். பேரேட்டில் குடும்பங்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டும் நியாயமான காரணங்கள். ஆல்பத்தின் பக்கங்களைப் படமெடுத்து வைக்கக் கூட்டத்தில் இருவர் அனுமதி கேட்டிருக்கிறார்கள். அதற்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. அந்தப் படங்கள் இல்லாமல் கூட்டம் கலையுமானால், வாட்ஸ்அப் குழுவில் எவர் எதைப் போலி என்று சொன்னாலும் அது வெறும் அபிப்பிராயமாகவே நிற்கும்.

கடை இப்போது மாலை நான்கு மணிக்கு மேல் திறந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் திறப்பதில்லை. பணமாகவோ கைபேசி வழியாகவோ கொடுக்கலாம், கடன் நிறுத்தப்பட்டுவிட்டது. போலியைத் திருப்பித் தரும் விதி கடைசி ஞாயிறுவரைதான். அன்று வாங்கும் பொருளுக்கு மறு ஞாயிறு கிடையாது என்பதால், விலை கூடிய எதையும் அதற்கு முந்தைய வாரத்துக்குள் வாங்கி, வேறொருவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.